அண்ணனுக்கு வானம், எனக்கு வானொலி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை நிகழ்ச்சியில், "உங்கள் பிள்ளை பெரியவனாகி என்ன ஆகப்போகிறான்?" என்று கேட்டு நேயர்களை அழைத்திருந்தோம். டாக்டர், வழக்கறிஞர், யூடியூபர் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஏழரை மணி வாக்கில் ஓர் அம்மா இணைப்பில் வந்தார். பெயரும் ஊரும் வேண்டாமே.

"எம் மவன் பைலட்டா போகணும்கிறான்மா. ஹோட்டல்ல ஒரு கூட்டம் போட்டாங்க, போயிட்டு வந்தோம். மூணரை லட்சம் வெள்ளி ஆகுமாம். எங்க வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் இ.பி.எஃப். காசு வருது. எடுத்துக் கட்டலாமா?"

பத்தாண்டுக்கும் மேலாக மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கும் வாய் அன்று அடைத்துக்கொண்டது. "நல்ல கனவும்மா, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு நாலரை நிமிடம் ஓடியது. அந்த நேரம் முழுக்க எனக்கு எங்கள் லுக்குட் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கண்ணில் நின்றது. அந்த அம்மா கேட்ட அதே கேள்வியை 2007இல் எங்கள் அப்பா அந்த மேசையில் உட்கார்ந்து கேட்டார். அப்போதும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

லுக்குட்டை வெளியூர்க்காரர்கள் போர்ட்டிக்சனுக்குப் போகிற வழியில் வரும் சின்னப் பட்டணமாகத்தான் பார்த்திருப்பார்கள். வரலாறு படித்தவர்களுக்கு ஈயமும் ராஜா ஜுமாட்டும் குன்றின் மேலிருக்கும் கோட்டையும் நினைவுக்கு வரும். எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லுக்குட் என்றால் செம்பனை, கோயில் திருவிழா, அப்புறம் விமானம். விமானம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? 1998 ஜூன் மாதம் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. திறந்தார்கள். அதுவும் செம்பனைக் காடாக இருந்த இடம்தான். அதன் ஓடுபாதைகளைத் தென்கிழக்கே அப்படியே நீட்டி ஒரு கோடு போட்டால், அது எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேரும். காற்று எங்கள் பக்கம் சாதகமாக இருக்கும் நாள்களில், இறங்க வருகிற விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் தலைக்கு மேலே வரிசை பிடிக்கும். இரவில் அவற்றின் விளக்குகள் கோயில் தேருக்குப் பின்னால் வரும் ஊர்வலம் மாதிரி இருக்கும்.

அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாசலில் பாய் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு வாலில் இருக்கும் சின்னத்தை வைத்து நிறுவனத்தின் பெயர் சொல்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வானொலி கேட்பேன். இருவருடைய பிழைப்பும் அந்தப் பாயிலேயே முடிவாகிவிட்டது என்று அம்மா இன்றும் சொல்வார்.

அப்பா தோட்டத்தில் லாரி டிரைவர். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவார். அம்மா உரம் போடும் கூட்டத்தில். 2007இல் அப்பாவுக்கு 55 வயது முடிந்து சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அண்ணன் சேரப்போகிற படிப்புக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி. அப்பாவின் பணம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. மீதிக்கு வங்கிக் கடன், மாமாவின் ஜாமீன், அம்மாவின் தாலிக்கொடி தவிர்த்த நகைகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் கணக்குப் போட்டோம். எனக்கு அப்போது 17 வயது, எஸ்.பி.எம். எழுதும் ஆண்டு. நானும் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். என் படிப்புக்கு என்று ஒரு வரி அந்தத் தாளில் இல்லை என்பதை அன்று நானும் கவனிக்கவில்லை.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று தேடிப் போனால் அதுவே தனி வரலாறு. வானொலிக்காக ஒருமுறை இதைப் படித்தேன். நிகழ்ச்சி பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, எனக்குத்தான் முடியவில்லை.

ஆரம்பத்தில் இது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. 1928இல் சிங்கப்பூரில் ஃபிளையிங் கிளப் வந்தது. இந்தியாவில் ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் கிளப்பில் கற்று 1929 பிப்ரவரி 10ஆம் தேதி உரிமம் வாங்கினார். அந்நாட்டில் கொடுக்கப்பட்ட முதல் உரிமம் அது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு அவரே விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்கு அந்தத் தபாலைக் கொண்டுபோனவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அவர் முன்னாள் ராணுவ விமானி. இந்த இருவரையும் பார்த்தாலே அந்தக் காலத்தில் விமானிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஒருவருக்குச் சொந்தக் காசு, இன்னொருவருக்கு அரசாங்கக் காசு.

இரண்டாம் உலகப் போரில் அரசாங்கங்கள் ஆயிரக்கணக்கில் விமானிகளை உருவாக்கின. போர் முடிந்ததும் அவர்கள் வேலை தேடி வந்தார்கள். விமான நிறுவனங்களுக்கு அது பயிற்சிச் செலவே இல்லாமல் கிடைத்த சொத்து. அந்தத் தலைமுறை ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோதுதான் பிரிட்டனின் இரண்டு அரசு விமான நிறுவனங்களும் சேர்ந்து 1960இல் ஹாம்பிள் என்ற இடத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கின. தேர்வில் தேறினால் போதும், செலவு நிறுவனத்துடையது. அதே காலத்தில் ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் கிட்லிங்டனில் ஒரு தனியார் பள்ளியும் வளர்ந்தது. பல நாட்டு நிறுவனங்கள் தங்கள் மாணவர்களை அங்கே அனுப்பின.

நம் நாட்டிலும் முதலில் அந்த வழக்கம்தான். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிரிந்து, 1972 அக்டோபர் 1ஆம் தேதி 'மாஸ்' தனியாகப் பறக்கத் தொடங்கியது. பயிற்சி விமானிகளை நிறுவனமே தேர்ந்தெடுக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பும். பதிலுக்கு இத்தனை ஆண்டு வேலை செய்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு 1980களில் மலாக்கா பத்து பெரண்டாம் விமான நிலையத்தில் மலேசியன் ஃபிளையிங் அகாடமி வந்தது. பெரிய விமானங்கள் அதிகம் வராத நிலையம், பக்கத்திலேயே கடல், நாள் முழுக்க ஏறி இறங்க இடம். விமானம் ஓட்டக் கற்க வெளிநாடு போக வேண்டியதில்லை என்று ஆனது.

2001இல் டோனி ஃபெர்னாண்டஸும் நண்பர்களும் இரண்டு விமானங்களும் 4 கோடி வெள்ளிக் கடனும் இருந்த ஏர்ஏசியாவை ஒரு வெள்ளிக்கு வாங்கினார்கள். சில ஆண்டுகளில் எங்கே பார்த்தாலும் சிவப்பு விமானம். லங்காவியில், கோத்தாபாருவில் எல்லாம் பயிற்சிப் பள்ளிகள் வந்தன. விமானி வேண்டும், விமானி வேண்டும் என்று பத்திரிகை திறந்தால் அதே பேச்சு. நிறுவனங்கள் அனுப்பும் மாணவர்களோடு, சொந்தக் காசில் சேருகிற மாணவர்களும் கூடிக்கொண்டே போனார்கள். போர்க்காலத்தில் அரசாங்கம் கொடுத்த காசு, பிறகு நிறுவனம் கொடுத்த காசு, கடைசியில் லுக்குட்டில் ஒரு லாரி டிரைவரின் சேமநிதிக் கணக்கு வரைக்கும் வந்து நின்றது. இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அப்பாவே விரும்பிக் கொடுத்த காசு அது. ஆனால் ஒரு நிறுவனம் போட வேண்டிய முதலீட்டை ஒரு குடும்பம் போடும்போது, அந்தக் குடும்பத்துக்குள் யாரோ ஒருவர் அதற்கு விட்டுக்கொடுக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அண்ணன் மலாக்காவுக்குப் போனான். முதல் சில மாதங்கள் விமானத்தையே தொடவில்லையாம். வகுப்பறை, வகுப்பறை, வகுப்பறை. வானிலை, வழிகாட்டல், இயந்திரம், சட்டம் என்று மொத்தம் 14 தாள்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவனுக்கு இயற்பியல் பயமில்லை, ஆங்கிலம்தான் பயம். அதுவும் வானொலித் தொடர்பு. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு எண் தவறினாலும் திரும்பக் கேட்பார்கள்.

வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் நான்தான் கோபுரம். அவன் கூடத்தில் நாற்காலியில் உட்காருவான். நான் சமையலறையில் நின்று கட்டளை கொடுப்பேன். ஆல்ஃபா, பிராவோ, சார்லி எல்லாம் எனக்கு அப்போதே மனப்பாடம். விமானிகளின் ஆங்கிலத்தில் 'திரீ' என்று சொல்லக்கூடாது, 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும். அலைவரிசை இரைச்சலில் அதுதான் தெளிவாகக் கேட்குமாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மலேசியாவில் பாதிப்பேர் எப்போதும் 'ட்ரீ' என்றுதானே சொல்கிறோம்!

இன்னொன்றும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். 1977 மார்ச் 27ஆம் தேதி ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் புறப்பட அனுமதி வந்துவிட்டதாக நினைத்து ஓடத் தொடங்கிவிட்டது. கோபுரம் பேசியதும் மற்ற விமானம் பேசியதும் ஒரே நேரத்தில் விழுந்ததால் இரைச்சல்தான் கேட்டது. அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையாகவே புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை. ஒரு சொல்லை எங்கே சொல்லக்கூடாது என்பதற்கு இவ்வளவு விலை. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது ஒலிபரப்பு மொழி பற்றிப் பல பாடங்கள் கேட்டேன். எதுவும் இந்த ஒன்றைப் போல் மனதில் தைக்கவில்லை.

முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளை அவன் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கியதும், பயிற்றுநர் கதவைத் திறந்து, "ஒரே ஒரு சுற்று, வந்துவிடு" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாராம். பக்கத்து இருக்கை காலி. ஓர் ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட வேகமாக மேலே ஏறியதாம். அதை அவர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார்கள். ஆனாலும் அந்த ஏற்றத்தில்தான் தான் தனியாக இருப்பது உடம்புக்குத் தெரிந்தது என்பான். இறங்கி வந்ததும் நண்பர்கள் வாளித் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

ஒருநாள் கடற்கரையோரமாக வடக்கே பறந்து வரும் பயிற்சி. எங்கள் வீட்டுக்கு மேலே வர முடியாது, லுக்குட் பெரிய விமானங்களின் பாதை. அதனால் தஞ்சோங் துவான் வரை வந்து திரும்பிவிடுவேன் என்று முதல்நாள் இரவு போனில் சொன்னான். விடிந்ததும் அப்பா என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தெலுக் கெமாங் கடற்கரைக்குப் போனார். பசியாறக்கூட இல்லை. கையில் தோளில் போடும் துண்டு. பத்து மணியைத் தாண்டி கலங்கரை விளக்கத்துப் பக்கம் கொசு மாதிரி ஒரு சத்தம். வெள்ளையாக ஒரு புள்ளி. அது அண்ணன்தானா, வேறு மாணவனா, யாருக்குத் தெரியும்? அப்பா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கித் துண்டை ஆட்டினார். புள்ளி திரும்பி மலாக்கா பக்கம் போய்விட்டது. அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே, "பார்த்தான்" என்றார். அன்று சாயங்காலம் போனில் அண்ணனிடம் கேட்டேன். "கடல்தான் தெரிஞ்சுச்சு. அப்பாகிட்ட பார்த்தேன்னு சொல்லிடு" என்றான்.

ஏறக்குறைய 200 மணி நேரம் பறந்து முடித்து, 2009 நடுவில் உரிமம் வாங்கினான். அந்த நேரம் உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. பள்ளிகளோ சளைக்காமல் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. எந்த நிறுவனத்துக்கு எழுதினாலும் ஒரே பதில்: எத்தனை மணி நேர அனுபவம்? கேப்டன் உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். 200 மணிக்காரன் துணை விமானியாகச் சேர்ந்துதான் அதைச் சேர்க்க வேண்டும். சேர்த்துக்கொள்ள யாரும் இல்லை.

விமானி உரிமத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது பட்டச் சான்றிதழ் மாதிரி சட்டம் போட்டு மாட்டுகிற பொருள் இல்லை. மருத்துவச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்கான சோதனை ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டுக்கும் காசு. கட்டாவிட்டால் உரிமம் தூங்கிவிடும். வேலை இல்லாத பிள்ளைக்கு வங்கித் தவணையோடு இதையும் கட்ட வேண்டியிருந்தது. அண்ணன் சிரம்பானில் கைத்தொலைபேசிக் கடையில் நின்றான். பிறகு அப்பா வேலை பார்த்த தோட்டத்திலேயே செம்பனை லாரி ஓட்டினான். "ஓட்டுறது ஓட்டுறதுதான்டா" என்று அப்பா வேடிக்கையாகச் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டு வெளியே போனான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

நான்கு ஆண்டு அப்படிப் போனது. 2013இல்தான் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு அப்பா அவன் ஓட்டிய விமானத்தில் கோத்தாபாருவுக்குப் போனார். ஏறியதிலிருந்து இறங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும், "கை தட்டலாமா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லுக்குட் வானம் இருபது ஆண்டில் முதன்முறையாக வெறுமையாக இருந்தது. முதலில் சம்பளமில்லா விடுப்பு, ஆண்டு முடிவதற்குள் வேலையே இல்லை. அண்ணியின் கைப்பக்குவத்தில் நாசி லெமாக் பொட்டலம் கட்டி அண்ணன் தாமான் தாமானாக விற்றான். வாங்குகிறவர்கள், "பைலட் கடை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2022இல் வேறொரு நிறுவனத்தில் மறுபடி ஏறினான். இன்னும் வலது பக்க இருக்கைதான். கேப்டன் உட்காரும் இடது பக்கத்துக்கு இந்த ஆண்டு கூப்பிடலாம் என்கிறான். வங்கிக் கடன் முடிந்தது போன ஆண்டு.

என் கதைக்கு வருகிறேன். சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நான் பி.டி.பி.டி.என். கடனில் படித்தேன். ஊடகவியல் எனக்குப் பிடித்த படிப்புதான், குறையில்லை. ஆனால் 2007இல் அந்த மேசையில், "நீ என்ன படிக்கப் போற?" என்று யாராவது கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ. அண்ணனோடு பாயில் படுத்து நானும்தான் விமானம் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு விமானமா என்று யாரும் மறுக்கவில்லை, அந்தக் கேள்வியே எழவில்லை. அப்புறம் உஷா சுந்தரத்தைப் பற்றிப் படித்தேன். 1940களின் கடைசியில் பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் கற்று வெளியே வந்தவர். மதராஸ் அரசாங்கம் வாங்கிய ஒரு டவ் விமானத்தை 1951இல் கணவரோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர். எங்கள் வீட்டில் அந்த மேசை வாங்கப்படுவதற்கு எத்தனையோ ஆண்டுக்கு முன்னால் நடந்தது இது. என் கல்விக் கடனில் மிச்சமிருந்ததை அண்ணன் கட்டுகிறேன் என்று வந்தான். நான் விடவில்லை. அது என் பிடிவாதம், வேறொன்றும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும், வந்த அழைப்புகளின் பட்டியலில் எண்ணைத் தேடி அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இருந்தபோது போனை மேசையில் வைத்து நால்வரும் பேசினோம். அண்ணன் நீளமாகப் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினான். ஒரு வெள்ளி கட்டுவதற்கு முன்னால் முதல்நிலை மருத்துவச் சோதனை செய்துவிடு, கண்ணிலோ காதிலோ தகுதியைத் தடுக்கும் குறை இருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் எங்கேயும் கட்டாதே, பறந்த மணிக்குத் தகுந்தபடி கட்டு. பள்ளியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதே, இன்று எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை பயிற்றுநர் இருக்கிறார்கள் என்று கேள். வேலை நிச்சயம் என்று சொன்னால் எழுத்தில் கேள். விமான நிறுவனமே செலவு செய்து ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் விடாதே.

பையன் எல்லாவற்றுக்கும் "சரிண்ணே, சரிண்ணே" என்றான். கடைசியில் அவன் கேட்டான். "அண்ணே, மறுபடி முதல்ல இருந்துன்னா, நீங்க போவீங்களா?"

எங்கள் தொழிலில் மூன்று விநாடி மௌனமே பெரிய குற்றம். அண்ணன் ஏழு விநாடி எடுத்துக்கொண்டான். எண்ணினேன், பழக்கதோஷம்.

"போவேன்டா. ஆனா எங்கப்பா காச எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன்."

"அப்ப எப்படிண்ணே போவீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன். அந்த அம்மாதான் இடையில் புகுந்து, மருத்துவச் சோதனைக்கு எவ்வளவு ஆகும், வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று கேட்டார்.